‘மதிப்பில் சமம், பங்கில் கீழ்’: திரித்துவ விவாதமும் பெண்ணின் இடமும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரைப் போற்றிப் பேசுவது வழக்கம். எனக்கு முன் பேசியவர்கள் அதை நிறைவாகச் செய்துவிட்டார்கள். நான் ஒரு வாதத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ‘எல்லோரும் சமம்தான், ஆனால் அவரவர்க்கு விதிக்கப்பட்ட வேலை வேறு’ என்பது அந்த வாதம். நம் காதுக்குப் பழகியதுதான்.

அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ள சில கிறிஸ்தவ இறையியலாளர்கள் கடந்த அரை நூற்றாண்டாக இந்த வாதத்தைக் கடவுளுக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தார்கள். பிதாவும் குமாரனும் கடவுள்தன்மையில் சமம். ஆனால் பிதா என்றென்றும் கட்டளையிடுகிறார், குமாரன் என்றென்றும் கீழ்ப்படிகிறார். ஆகவே மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிவதில் இழிவு ஒன்றுமில்லை என்றார்கள். 2016ஆம் ஆண்டு அவர்களுடைய முகாமுக்குள்ளேயே இதற்கு எதிர்ப்பு வெடித்தது. இந்த வாதம் எப்படி உருவானது, எங்கே உடைகிறது, உடைந்த பிறகும் எது அசையாமல் நின்றது என்பதை விளக்க முயல்கிறேன். கிறிஸ்தவர் அல்லாத தோழர்கள் ‘இது சபைக்குள் நடக்கும் சண்டை’ என்று ஒதுங்க வேண்டாம். வாதத்தின் கட்டுமானத்தைக் கவனியுங்கள்.

நான்காம் நூற்றாண்டில் தீர்ந்த வழக்கு

கடவுள் ஒருவரே, அவர் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என மூவராய் இருக்கிறார் என்பது திரித்துவக் கோட்பாடு. கத்தோலிக்கர்கள் மூவொரு கடவுள் என்பார்கள். இந்த மூவரில் யாராவது பெரியவர், யாராவது சிறியவர் உண்டா?

அலெக்சாந்திரியா நகரத்துக் குருவானவர் ஆரியுஸ் ‘உண்டு’ என்றார். அவர் பார்வையில் குமாரன் படைப்புகளில் முதலானவர், உயர்ந்தவர், ஆனாலும் படைக்கப்பட்டவர். 325ஆம் ஆண்டு நிசேயாவில் கூடிய ஆயர்கள் அதை மறுத்தார்கள். ‘ஹோமோஊசியோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லைக் கையாண்டு, பிதாவும் குமாரனும் ஒரே தன்மையர் என்று விசுவாச அறிக்கையில் எழுதினார்கள். 381ஆம் ஆண்டு கான்ஸ்தாந்திநோபிளில் கூடிய சங்கம் அதை உறுதிசெய்து, பரிசுத்த ஆவியைப் பற்றிய பகுதியையும் விரித்தது.

அப்படியானால் ‘குமாரன்’ என்ற பெயர் எதற்கு? தகப்பன் சொல்வதை மகன் கேட்க வேண்டும் என்பதற்கா? இந்தப் போராட்டத்தில் முன்னின்ற அத்தனாசியுஸ் அந்தப் பெயரை வேறு விதமாக வாசித்தார். மனிதருக்குப் பிறந்த பிள்ளை மனிதர்தான். கடவுளிடமிருந்து பிறந்தவர் கடவுள்தான். தன்மை ஒன்று என்பதைக் காட்டத்தான் அந்தப் பெயர். காலத்தில் தொடங்காத அந்தப் பிறப்பை ‘நித்திய ஜெனிப்பு’ என்று இறையியலில் சொல்வார்கள். அதில் யாரிடமிருந்து யார் என்ற ஒழுங்கு உண்டு; மேல், கீழ் என்ற படிநிலை கிடையாது.

பிதா, குமாரன் என்று சொல்வதால் கடவுளை ஆண் என்று எண்ணிவிடலாமா என்ற கேள்வியும் அப்போதே எழுந்தது. நாசியான்சு கிரகோரி அப்படி எண்ணுபவர்களைக் கேலி செய்தார். சொல்லின் இலக்கணப் பாலை வைத்துக் கடவுளின் பாலை முடிவுசெய்ய முடியாது என்றார். அவர் சொன்னதில் பொருள் உண்டு. ஆவியைக் குறிக்கும் எபிரேயச் சொல் பெண்பால். கிரேக்கச் சொல் பெண்பாலும் ஆண்பாலும் அல்லாத மூன்றாம் பால். இலத்தீன் சொல் ஆண்பால். நாம் அஃறிணையான ‘ஆவி’யை ‘ஆவியானவர்’ என்று மரியாதையோடு உயர்திணை ஆக்கிக்கொண்டோம். பழைய சிரியாக் மொழிக் கிறிஸ்தவர்கள் ஆவியைப் பெண்பாலிலேயே பேசினார்கள்.

‘பங்கு’ என்ற சொல் வந்த கதை

நெடுங்காலம் வரை பெண்ணைக் கீழே வைக்கத் திரித்துவம் தேவைப்படவில்லை. பெண் அறிவில் குறைந்தவள், எளிதில் ஏமாறுபவள் என்று திருச்சபையின் பெரிய ஆசிரியர்கள் பலர் வெளிப்படையாகவே எழுதினார்கள். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பெண்கள் பல்கலைக்கழகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் வந்த பிறகு, அப்படிச் சொல்வது கூச்சமாகிவிட்டது. படிநிலையைக் காப்பாற்ற வேண்டும். இழிவுபடுத்தும் சொல்லையும் தவிர்க்க வேண்டும். அப்போது கைகொடுத்த சொல் ‘பங்கு’.

1977இல் ஜார்ஜ் நைட் என்ற அமெரிக்க இறையியலாளர் ஆண், பெண் பங்குகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இருவரும் மதிப்பில் சமம், பங்கில் வேறு என்ற வடிவில் வாதத்தை அமைத்ததில் அந்நூலுக்கு முக்கிய இடமுண்டு. 1987இல் இதே நிலைப்பாட்டைப் பரப்ப அமெரிக்காவில் ஒரு மன்றம் தொடங்கப்பட்டது. அதன் முன்னோடிகளில் ஒருவரான வேன் குரூடம் 1994இல் வெளியிட்ட ‘சிஸ்டமேட்டிக் தியாலஜி’ என்ற பெரிய பாடநூல் உலகெங்கும் இவாஞ்சலிக்கல் மாணவர்கள் கைக்குப் போனது. ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் நிறைவு செய்கிறவர்கள் என்ற பொருளில் இவர்கள் தங்களுக்கு ‘காம்ப்ளிமென்டேரியன்’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். குடும்பத்தில் தலைமை கணவனுக்கு, சபையில் போதக அதிகாரம் ஆணுக்கு என்பது அவர்கள் முடிவு.

இதற்கு எதிரே நின்றவர்கள் இரண்டு கேள்விகள் கேட்டார்கள். புதிய ஏற்பாட்டில் எபேசியர் நிருபத்தின் 5, 6ஆம் அதிகாரங்களில் ஒரு குடும்ப ஒழுங்குப் பட்டியல் வருகிறது. மனைவி கணவனுக்கு, பிள்ளைகள் பெற்றோருக்கு, அடிமை எஜமானுக்கு என்று கீழ்ப்படிதல் அங்கே தொடர்ச்சியாகச் சொல்லப்படுகிறது. அடிமைக்குச் சொன்னது அந்தக் காலத்தோடு முடிந்தது என்று ஒப்புக்கொள்கிறீர்கள். மனைவிக்குச் சொன்னது மட்டும் எப்படி எக்காலத்துக்கும் நிற்கிறது? இது முதல் கேள்வி. ஒருவர் பிறப்பின் காரணமாக, வாழ்நாள் முழுவதும், எந்தத் தகுதியாலும் மாற்ற முடியாதபடி இன்னொருவருக்குக் கீழே இருந்தால், அவர் மதிப்பில் மட்டும் எப்படிச் சமமாக முடியும்? இது இரண்டாவது.

முதல் கேள்வி அமெரிக்காவில் வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. அங்கே மிகப் பெரிய புராட்டஸ்டன்ட் அமைப்பான சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷன் 1845இல் அடிமைமுறைப் பிரச்சினையால் பிரிந்து உருவானது. அடிமைகளை வைத்திருப்பவரும் மிஷனரி ஆகலாம் என்பது பிரிந்தவர்கள் நிலை. 150 ஆண்டுகள் கழித்து, 1995இல், அந்த அமைப்பு அடிமைமுறைக்குத் துணைபோனதற்காக மன்னிப்புக் கேட்டது. மூன்றே ஆண்டில், 1998இல், மனைவி கணவனின் தலைமைக்குப் பணிய வேண்டும் என்று தன் விசுவாச அறிக்கையில் சேர்த்தது. 2000இல் போதகர் பதவி ஆண்களுக்கே என்றும் எழுதியது.

குமாரனைச் சாட்சிக்கு அழைத்தார்கள்

இரண்டு கேள்விகளுக்கும் ஒரே பதிலாகத்தான் திரித்துவம் கொண்டுவரப்பட்டது. நிரந்தரமாகக் கீழ்ப்படிகிறவர் சமமாக இருக்க முடியாது என்கிறீர்களா? இதோ, குமாரன் நிரந்தரமாகக் கீழ்ப்படிகிறார். அவர் பிதாவுக்குச் சமமான கடவுள்தானே! அடிமைமுறை போல இதுவும் காலத்தோடு போய்விடும் என்கிறீர்களா? இது உலகம் உண்டாவதற்கு முன்பே கடவுளுக்குள் இருக்கிறது, எப்படிப் போகும்?

அவர்கள் அதிகம் எடுத்துக்காட்டிய வசனம் 1 கொரிந்தியர் 11:3. கிறிஸ்து ஆணுக்குத் தலை, ஆண் பெண்ணுக்குத் தலை, கடவுள் கிறிஸ்துவுக்குத் தலை என்று பவுல் அங்கே வரிசைப்படுத்துகிறார். புரூஸ் வேர் என்ற பாப்டிஸ்ட் இறையியலாளரும் இந்தப் போதனையை விரித்து எழுதினார். 1999இல் சிட்னி ஆங்கிலிக்கன் மறைமாவட்டத்தின் கோட்பாட்டுக் குழு இதே திசையில் ஓர் அறிக்கை கொடுத்தது. இன்றும் அந்த மறைமாவட்டம் பெண்களைக் குருக்களாக அபிஷேகம் செய்வதில்லை.

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இவர்கள் ஆரியுஸைப் பின்பற்றுகிறவர்கள் அல்லர். குமாரன் படைக்கப்பட்டவர் என்று அவர்கள் ஒருபோதும் சொல்லவில்லை. அதனால்தான் வாதம் நுட்பமாக இருந்தது. தேவாலயத்தின் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அது ஆறுதல் போலவே கேட்டது. ‘இயேசுவே கீழ்ப்படிந்தார், உனக்கு அதில் என்ன குறைவு?’ வீட்டில் அடிவாங்கிவிட்டுப் போதகரிடம் வந்து நிற்கும் ஒரு பெண்ணிடம் இதே சொல் என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள். அவளுடைய எதிர்ப்பு கணவனுக்கு எதிரானதாக மட்டும் இருக்காது. கடவுளின் இயல்புக்கே எதிரானதாகிவிடும்.

2016: உள்வீட்டுச் சண்டை

ஆஸ்திரேலிய ஆங்கிலிக்கன் குருவானவர் கெவின் கைல்ஸ் 2002இலேயே இந்தப் போதனையை மறுத்துத் தனி நூல் எழுதினார். திரித்துவம், பெண்கள், அடிமைமுறை ஆகிய மூன்றையும் அவர் ஒரே நூலில் சேர்த்து ஆராய்ந்தார். ஆனால் அவர் பெண் சமத்துவவாதி என்பதால் மறுதரப்பு அவரை எளிதாக ஒதுக்கியது.

2016 ஜூன் மாதம் நடந்தது வேறு. லியம் கோலிகர் என்ற பிரஸ்பிட்டேரியன் போதகர், எய்மி பேர்ட் என்ற பெண் எழுத்தாளரின் இணையப் பக்கத்தில் இரண்டு கட்டுரைகள் எழுதினார். குமாரனின் நித்திய கீழ்ப்படிதல் என்பது நிசேயா விசுவாச அறிக்கைக்கு முரணான போதனை என்று குற்றம்சாட்டினார். சபை வரலாற்றாசிரியர் கார்ல் ட்ரூமனும் சேர்ந்துகொண்டார். இவர்கள் யாரும் பெண் குருத்துவத்தை ஆதரிப்பவர்கள் அல்லர். ஆகவே பழைய முத்திரையை இவர்கள்மேல் குத்த முடியவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் சான் அன்டோனியோவில் கூடிய இவாஞ்சலிக்கல் இறையியல் கழகத்தின் கூட்டத்தில் குரூடமும் வேரும், தாங்கள் முன்பு ஐயுற்ற நித்திய ஜெனிப்புக் கோட்பாட்டை இப்போது ஏற்பதாகச் சொன்னார்கள். நித்திய கீழ்ப்படிதலை மட்டும் அவர்கள் கைவிடவில்லை.

எங்கே உடைகிறது?

மூன்று இடங்களில் உடைகிறது.

முதலாவது, சித்தம். ஒருவர் இன்னொருவருக்குக் கீழ்ப்படிய வேண்டுமானால் இரண்டு சித்தங்கள் வேண்டும். என் விருப்பத்தை நான் உங்கள் விருப்பத்துக்குப் பணியவைக்கிறேன், அதுதான் கீழ்ப்படிதல். கடவுளின் தன்மை ஒன்று என்றால் சித்தமும் ஒன்றுதான். ஒரே சித்தத்துக்குள் கட்டளை எது, கீழ்ப்படிதல் எது? கெத்செமனே தோட்டத்தில் இயேசு தம் விருப்பத்தைப் பிதாவின் விருப்பத்துக்கு ஒப்புக்கொடுத்து ஜெபித்தாரே என்று கேட்கலாம். அது அவருடைய மனித சித்தம் என்று ஏழாம் நூற்றாண்டில் மாக்ஸிமுஸ் வாதாடினார். அரசுக்கு உகந்த கோட்பாட்டை ஏற்க மறுத்ததற்காக அவருடைய நாக்கும் வலக்கையும் வெட்டப்பட்டன. நாடுகடத்தப்பட்ட இடத்தில் 662இல் இறந்தார். 680-681இல் கூடிய கான்ஸ்தாந்திநோபிள் சங்கம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது.

இரண்டாவது, வசனங்கள். பிலிப்பியர் 2ஆம் அதிகாரம், கடவுளின் வடிவில் இருந்தவர் தம்மை வெறுமையாக்கி, அடிமையின் வடிவெடுத்து, சாவு வரைக்கும் கீழ்ப்படிந்தார் என்கிறது. கீழ்ப்படிதல் அவர் மனிதரானபோது ஏற்றுக்கொண்டது. எபிரேயர் 5:8, அவர் குமாரனாயிருந்தும் கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டார் என்று சொல்கிறது. நித்தியமாகவே செய்துவந்த ஒன்றை ஒருவர் எதற்குக் கற்க வேண்டும்? 1 கொரிந்தியர் 11:3ஐக் காட்டிக் குமாரனைத் தாழ்த்துகிறவர்கள் யோவான் கிறிசோஸ்தோம் காலத்திலேயே இருந்தார்கள். ஆண், பெண் உறவில் உள்ளதை அப்படியே பிதா, குமாரன் உறவுக்கு ஏற்றக்கூடாது என்று அவர் எச்சரித்தார். பெண் சமத்துவத்தை அவரும் ஏற்கவில்லை. இருந்தும் அந்தப் பாலத்தின்மேல் நடக்கக்கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மூன்றாவது, ‘பங்கு’ என்ற சொல்லே. தெருக்கூத்தில் துரியோதனன் வேடம் கட்டியவர் விடிந்ததும் வேடத்தைக் கலைத்துவிட்டு டீக்கடைக்கு வருகிறார். அடுத்த கூத்தில் அவரே வேறு வேடம் கட்டலாம். கலைக்க முடிவதால்தான் அது வேடம். எக்காலத்திலும் கலைக்க முடியாதது, வேறு யாரும் ஏற்க முடியாதது, ஒருவர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்து அமையாமல் அவர் யாராகப் பிறந்தார் என்பதை மட்டுமே பொறுத்தது என்றால் அதற்குப் பெயர் பங்கு அல்ல. அது அவருடைய இருப்பின்மேல் எழுதப்பட்ட தீர்ப்பு. தமிழில் இதை மறைப்பதும் கடினம். ‘கீழ்ப்படிதல்’ என்று சொல்லும்போதே அதன் முதலில் ‘கீழ்’ வந்து நிற்கிறது.

நமக்குத் தெரிந்த வாதம்

லாகூர் ஜாத்-பாத் தோடக் மண்டல் மாநாட்டுக்காக அம்பேத்கர் எழுதிய உரை நிகழ்த்தப்படவே இல்லை. அழைத்தவர்களே மாநாட்டை ரத்து செய்தார்கள். 1936இல் அதை அவரே ‘சாதி ஒழிப்பு’ நூலாக அச்சிட்டார். அதே ஆண்டு ஜூலையில் காந்தி ‘ஹரிஜன்’ இதழில் பதில் எழுதினார். பிராமணரின் தொழிலும் துப்புரவாளரின் தொழிலும் சமம், கடவுள்முன் இரண்டுக்கும் ஒரே மதிப்பு என்பது அந்தப் பதிலில் ஒரு பகுதி. வர்ணம் கடமையைத்தான் பிரிக்கிறது, உயர்வு தாழ்வைச் சொல்லவில்லை என்பது அவர் நிலை.

இதற்கான மறுப்பு அம்பேத்கரின் உரையிலேயே இருந்தது. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரிக்கிறது. பிரித்து ஒருவர்மேல் ஒருவராக அடுக்குகிறது என்று அவர் காட்டியிருந்தார். அந்த வேலையை ஒருவர் விருப்பத்தாலோ திறமையாலோ தேர்ந்தெடுப்பதில்லை. பிறப்பு அவர்மேல் சுமத்துகிறது.

இரண்டு வாதங்களையும் அருகருகே வையுங்கள். சமம் என்ற சொல் மேலுலகத்தில் இருக்கிறது. கீழ்ப்படிதல் மட்டும் இந்த உலகத்தில், வீட்டில், தெருவில் இருக்கிறது. ஊரில் சாவு விழுந்தால் பறையடிக்கவும் குழி வெட்டவும் யார் போக வேண்டும் என்பதைப் பிறப்பு முடிவுசெய்யும்போது, ‘எல்லாத் தொழிலும் புனிதம்’ என்ற வாக்கியம் யாருக்கு ஆறுதல்? ஒரே அப்பத்தில் பங்குபெறும் நம் தேவாலயங்களிலும், கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு பகுதி இருந்ததை, சில ஊர்களில் இன்னும் இருப்பதை நாம் அறிவோம். அங்கேயும் ‘கிறிஸ்துவுக்குள் எல்லோரும் சமம்’ என்று பிரசங்கம் நடக்கத்தான் செய்கிறது.

நம் தரப்புக்கும் ஒரு எச்சரிக்கை

திரித்துவத்தைச் சமத்துவத்துக்கு ஆதாரமாக்கியவர்களும் உண்டு. ஜெர்மானிய இறையியலாளர் மோல்ட்மன் 1980இல், பிரேசிலின் விடுதலை இறையியலாளர் லியோனார்டோ போஃப் 1986இல் எழுதிய நூல்கள் இவ்வகை. மூவரும் ஆதிக்கமின்றி அன்பில் ஒன்றாயிருப்பதைச் சமூகத்துக்கு மாதிரியாகக் காட்டினார்கள். கேட்க இனிமையானது. ஆனால் 2000இல் கேரன் கில்பி என்ற இறையியலாளர் ஒரு கட்டுரையில் இதைக் கேள்விக்கு உட்படுத்தினார். நாம் விரும்பும் சமூகத்தைக் கடவுளுக்குள் வரைந்துவிட்டு, பிறகு கடவுளிடமிருந்தே அதைப் பெற்றதாகச் சொல்கிறோமே என்பது அவர் கேள்வி.

இந்தக் கேள்வியை நாம் ஏற்பதே நல்லது. குரூடம் செய்ததையே எதிர்த்திசையில் நாம் செய்தால், அவரை மறுக்கும் உரிமையை இழக்கிறோம். சமத்துவத்துக்கு வேறு ஆதாரங்கள் இருக்கின்றன. கலாத்தியர் 3:28, ஞானஸ்நானம் பெற்றவர்களிடையே யூதர், கிரேக்கர் என்றும் அடிமை, சுயாதீனர் என்றும் ஆண், பெண் என்றும் வேறுபாடில்லை என்கிறது. விசுவாசம் இல்லாதவர்க்கு மனித மாண்பும் அரசியல் சட்டமும் போதும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 2016இல் கோட்பாட்டுச் சண்டையில் நித்திய கீழ்ப்படிதல் பலத்த அடி வாங்கியது. பெண்களின் நிலை அதனால் மாறிவிட்டதா? அந்த விவாதத்துக்கு இடம்கொடுத்த எய்மி பேர்ட் 2020இல், ‘விவிலிய ஆண்மை, பெண்மை’ என்ற போதனையைக் கேள்வி கேட்டு நூல் வெளியிட்டார். அதே ஆண்டில் அவர் இணைந்து நடத்திவந்த ஒலிபரப்பு நிகழ்ச்சியிலிருந்து விலக்கப்பட்டார். 2023இல் சதர்ன் பாப்டிஸ்ட் அமைப்பு, பெண்ணைப் போதகராக வைத்ததற்காகக் கலிஃபோர்னியாவின் பெரிய சபையான சாடில்பேக்கை வெளியேற்றியது. ஆதாரம் போனது, அதிகாரம் போகவில்லை. வாதம் என்பது அதிகாரம் உடுத்திக்கொள்ளும் சட்டை. ஒன்று கிழிந்தால் இன்னொன்றைத் தைத்துக்கொள்ளும். சட்டையைக் கிழிப்பது அவசியமான வேலை. ஆனால் அதோடு வேலை முடிந்துவிட்டதாக எண்ணக்கூடாது. தென்னிந்தியத் திருச்சபையில் பெண்கள் குருவானவர்களாக அபிஷேகம் பெற்றதும், 2013இல் நந்தியால் மறைமாவட்டத்தில் புஷ்பலலிதா பேராயரானதும் திரித்துவத்துக்குப் புதிய விளக்கம் கிடைத்ததால் நடக்கவில்லை. பெண்கள் கேட்டார்கள், சபையின் சட்டம் மாறியது.

நிறைவாக

மாணவர்களுக்கு மூன்று கேள்விகளைக் கொடுத்துவிட்டு அமர்கிறேன். ‘சமம்தான், ஆனால் பங்கு வேறு’ என்று யார் எங்கே சொன்னாலும் கேளுங்கள்: இந்தப் பங்கை விட்டு நான் விலக முடியுமா? இதை எனக்குக் கொடுத்தது என் திறமையா, என் பிறப்பா? இதைப் புனிதம் என்று புகழ்கிறவர் ஒருநாளாவது இதைச் செய்வாரா?

மூன்றாவது கேள்வி பிலிப்பியர் 2ஆம் அதிகாரத்திலிருந்தே வருகிறது. அங்கே அடிமையின் வடிவை எடுத்தவர் யார் என்று பாருங்கள். மேலே இருந்தவர். தாமே இறங்கி வந்தார். பவுல் அதைச் சொல்லி, உங்களிடமும் அந்தச் சிந்தை இருக்கட்டும் என்கிறார். இறங்குவதற்கு இடம் உள்ளவர்களுக்கான அழைப்பு அது. ஏற்கெனவே தரையில் தள்ளப்பட்டவரிடம் ‘இன்னும் குனி, இயேசுவும் குனிந்தார்’ என்று சொல்ல அந்த அதிகாரத்தைப் பயன்படுத்துகிறவர், அதைத் தலைகீழாக வாசிக்கிறார்.